பரமேஸ்வரி அக்காவின் கான்வாய்

போன செவ்வாய்க்கிழமை ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் என் ஸ்கூட்டியைப் பார்த்து சல்யூட் அடித்தார்.

நம்ப மாட்டீர்கள். நானே நம்பவில்லை. போலீஸ்காரர் கை தூக்கினால் எனக்கு இதுவரை ஒரே அர்த்தம்தான் — ஓரங்கட்டு. அன்றைக்கோ எதிர்ப்பக்க வண்டிகளையெல்லாம் நிறுத்திவிட்டு, விறைப்பாக நின்று, கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். நான் பயத்தில் ஹெல்மெட் பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் குடும்பத்துக்குப் போலீஸ் மரியாதை புதிதல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பூட்டனார் இந்தத் தீவில் வந்து இறங்கியதே முழு போலீஸ் பாதுகாப்போடுதான்... காலில் விலங்கோடு. ஆனால் சல்யூட்? அது இதுதான் முதல் தடவை.

எப்படி நடந்தது என்று சொல்ல, பரமேஸ்வரி அக்காவிலிருந்து தொடங்க வேண்டும்.

கராச்சர்மாவில் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். நர்சரிப் பள்ளியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஏரியாவில் இன்று மீசையை முறுக்கித் திரிகிற பாதிப் பேருக்கு மூக்கைத் துடைத்துவிட்டவர். அப்பா அம்மா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, கச்சால் தீவில் ரப்பர் பால் எடுத்தவர்கள். அந்தப் பேச்சு அக்காவிடம் அப்படியே தங்கிவிட்டது. கான்ட்ராக்டரை அவர் கான்ட்ராக்டர் என்று சொல்ல மாட்டார். கங்காணி என்பார்.

வம்பு அப்படிப்பட்ட ஒரு கங்காணியிடம்தான் ஆரம்பித்தது.

சௌல்தாரிப் பக்கம் ஒரு கட்டட வேலை. ராஞ்சிப் பக்கத்து ஆட்களைக் கூட்டி வந்து தகரக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். அக்கா தன் தம்பி வீட்டுக்கு அந்த வழியாகத்தான் போவார். ஒருநாள் வேலிக்கு உள்ளேயிருந்து ஒரு பெண் “தீதி, தீதி” என்று, அக்கா என்பதை இந்தியில் கூப்பிட்டிருக்கிறாள். பெயர் சுக்மணி. கூட வேலை செய்கிற ஒருத்திக்குக் கடுமையான காய்ச்சல், ஆஸ்பத்திரிக்கு விட மாட்டேன் என்கிறார்கள் என்றாள். எல்லாருடைய ஆதார் கார்டும் கான்ட்ராக்டரிடம். கார்டு இல்லாமல் கப்பல் டிக்கெட் எடுக்க வழியில்லை. பொழுது சாய்ந்தால் கேட்டுக்கு வெளியே பூட்டு.

நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? “ஐயோ பாவம்” என்றிருப்போம். வீட்டுக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு அழுகிற பொம்மை. அதோடு கடமை முடிந்தது.

அக்கா கேட்டைத் தட்டினார்.

“கார்டு அவங்க பேருலதானே இருக்கு? நீங்க எதுக்குய்யா வச்சிருக்கீங்க? குடுத்துருங்க.”

இவ்வளவுதான் அவர் கேட்டது. இப்படிக் கேட்கிறவர்களுக்கு ‘மனித உரிமைக் காப்பாளர்’ என்று பெயராம். அந்தப் பெயரைக் கேட்டால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்கு ஒரு ஜிப்பா, ஒரு ஜோல்னாப் பை, முன்னால் நாலு மைக். கறுப்புக் குடையும் வெற்றிலை வாயுமாக ஒரு நர்சரி ஆயா கண்டிப்பாக ஞாபகத்துக்கு வர மாட்டார்.

கான்ட்ராக்டர் கொடுக்கவில்லை. அக்கா அந்த ஆபீஸ், இந்த ஆபீஸ் என்று குடையை ஊன்றிக்கொண்டு ஏறி இறங்கினார். கடைசியில் ஓர் அரசாங்க ஜீப் அங்கே போனது. பூட்டு திறந்தது. கார்டுகள் கைக்கு வந்தன. காய்ச்சல்காரி பிழைத்துக்கொண்டாள். எல்லாரும் அடுத்த கப்பலில் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். சுக்மணி மட்டும் போகவில்லை. கேஸ் நடக்கும்போது சாட்சி சொல்ல உள்ளே இருந்த ஆள் ஒருத்தராவது வேண்டாமா என்று அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது.

ஒரு சாயங்காலம், எங்கள் பஸ் ஸ்டாப். பைக்கில் ஹெல்மெட் போட்ட இரண்டு பேர். பின்னால் உட்கார்ந்திருந்தவன் கையில் இரும்புக் கம்பி. அக்கா குடையைக் குறுக்கே நீட்டித் தடுத்திருக்கிறார். குடை போனது, வலது கையும் ஒடிந்தது. அடி தலைக்கு வைத்தது. அடுத்தவருடைய கார்டை அவரிடமே கொடு என்று சொன்னதற்கா ஒரு பெண்பிள்ளையின் மண்டையை உடைக்க வருவார்கள்?

பைக் நம்பரில் சேறு பூசியிருந்ததால் ஆள் கிடைக்கவில்லை. பாதுகாப்புக் கேட்டு அக்கா ஓர் அலுவலகத்துக்குப் போனார். நானும் துணைக்குப் போனேன். அங்கிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “உங்களுக்கு என்ன ஆபத்துன்னு விவரமா உங்க கையால எழுதிக் குடுங்க” என்றார்.

அக்கா மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். “எழுதுற கையத்தான்யா ஒடிச்சிருக்கான். வேணும்னா இதையே வச்சுக்கிறீங்களா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கையைப் பார்த்தார். “ஊப்பர் ஸே ஆர்டர் வரணும்மா” என்றார்.

மேலேயிருந்து மழை வந்தது. ஆர்டர் வரவில்லை.

தெருக்காரர்களான நாங்கள் சும்மா இருப்போமா? இலவசமாக அறிவுரை வழங்கினோம். கொஞ்ச நாள் மெயின்லேண்ட் போயிட்டு வாங்கக்கா. வெளிய வராதீங்கக்கா. கேட்டை எப்பவும் பூட்டியே வைங்கக்கா... கடைசியாகச் சொன்னது நான்தான்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். “அங்க பூட்டுனாங்கன்னுதானே சண்டைக்குப் போனேன்? இப்ப நீங்க எல்லாம் சேந்து எனக்குப் பூட்டுப் போடுறீங்களாக்கும்.”

நியாயமாகப் பார்த்தால் அடித்தவன்தான் ஒளிய வேண்டும். நாமோ அடிபட்டவரைப் பார்த்து ஒளிந்துகொள் என்கிறோம். என்ன வழக்கம் இது? இப்படிப்பட்டவர்கள் செத்துப்போனால் இரங்கல் கூட்டத்தில் நாற்காலி பத்தாது. மைக் பிடிக்க அடிதடி நடக்கும். உயிரோடு இருக்கும்போது பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட நடக்க ஓர் ஆள் கிடையாது!

கட்டுப் பிரித்து, கை தேறி வந்தபோது கோர்ட்டில் நாள் குறித்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை அக்காவும் சுக்மணியும் சாட்சி சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமையே ஒரு பைக் தெருவில் மெதுவாக ஊர்ந்தது. திங்களும் ஊர்ந்தது. ஒன்றும் செய்யவில்லை, பார்த்துவிட்டுப் போனார்கள். சுக்மணிக்குச் சோறு இறங்கவில்லை.

“நான் பஸ்ஸுலதான் போவேன். அதே ஸ்டாப்புல ஏறுவேன்” என்றார் அக்கா.

“வேண்டவே வேண்டாம். என் ஸ்கூட்டியில வாங்க” என்று வாய்விட்டுவிட்டேன். விட்டபிறகுதான் அந்தக் கம்பி ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். என்னைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அவரைத் தெரியும், டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர். பேச்சு ரொம்பச் சொற்பம். உலகத்தில் அவர் உணர்ச்சிவசப்படுகிற விஷயம் ஒன்றே ஒன்று — ஜிர்காட்டாங் கான்வாய்.

மெயின்லேண்ட் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிருந்து பாரத்தாங்குக்கோ திக்லிபூருக்கோ ரோடு வழியாகப் போனால் நடுவில் பழங்குடி மக்களின் காடு வருகிறது. அதற்குள் தனி வண்டி போகக் கூடாது. ஜிர்காட்டாங் செக்போஸ்ட்டில் எல்லா வண்டியும் வரிசையில் நிற்க வேண்டும். முன்னால் போலீஸ், பின்னால் போலீஸ். நிறுத்தக் கூடாது, ஃபோட்டோ எடுக்கக் கூடாது, முக்கியமாக ஓவர்டேக் செய்யவே கூடாது. காட்டில் இருப்பவர்களை நம்மிடமிருந்து காப்பாற்றத்தான் இத்தனையும். ஆனாலும் பாரத்தாங்கில் குமிழி விடுகிற சேற்றை வேடிக்கை பார்க்கப் போகிற எனக்கு முன்னும் பின்னும் போலீஸ்... கோர்ட்டுக்குப் போகிற அக்காவுக்கு ஒரு லத்திகூட இல்லை என்றால் கோபம் வருமா வராதா?

இதைத்தான் அவரிடம் பொரிந்தேன். அவர் தோசையைப் பிட்டபடி கேட்டார்: “முன்னாடி யாரு போறா?”

“எதுக்கு முன்னாடி?”

“உன் ஸ்கூட்டிக்கு முன்னாடி. பின்னாடி க்ளோஸ் பண்றது யாரு?”

“யாரும் இல்லைங்க, நாங்க மட்டும்தான்...”

அவர் முகத்தில் அப்படியொரு வேதனை. சட்னிக் கிண்ணத்தை முன்னால் வைத்தார். அதன் பின்னால் டம்ளர்களை வரிசையாக அடுக்கினார். சாம்பார் சட்டியைக் கடைசியில் நிறுத்தினார். “இது என் வேன். சுக்மணி இதுல. ஹெட்லைட் எல்லாரும் ஆன். நடுவுல கேப் விடக் கூடாது. ஃபோட்டோ எடுக்கக் கூடாது.”

“கோர்ட்டுக்குப் போறப்ப ஃபோட்டோ ஏங்க எடுக்கக் கூடாது?”

“ரூல்னா ரூல்.”

சத்தியமாகச் சொல்கிறேன், மனுஷன் மனித உரிமைக்காக வரவில்லை. வண்டிகள் வரிசையில்லாமல் போவதைப் பொறுக்க முடியாமல்தான் வந்தார். வந்தாரே, அது போதும்.

செவ்வாய் காலை, அவர் சொல்லிவைத்த நாலைந்து வண்டி வரும் என்று பார்த்தேன். தெருமுனை வரை வண்டிகள்! முன்னால் மீன்கார தாதாவின் ஆட்டோ. பெங்காலிக்காரர் (அவர்கள் பேச்சில் தாதா என்றால் அண்ணன்), அக்காவிடம் மீன் விலைக்குத் தினமும் சண்டை போடுகிறவர். பின்னால் தெலுங்குக்காரர்கள், மலையாளிகள், தலைமுறையாக இங்கேயே இருக்கிற ராஞ்சிக்காரர்கள். கான்வாய் கிளம்புகிறது என்று கேள்விப்பட்டால் எங்கள் தீவுக்காரர்களுக்குக் கால் நிற்காது. பக்கத்துச் சந்து மாமா ஒருவர் புளியோதரையும் தொப்பியுமாக மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். பாரத்தாங் போவதாக நினைத்துவிட்டாராம்.

“கோர்ட்டுக்குப் போறோம் மாமா.”

“கோர்ட்டா?” கொஞ்சம் யோசித்தார். “சாப்பாடு கட்டியாச்சு. எங்க போனா என்ன... சலோ!”

அக்காவை வேனுக்குள் ஏறச் சொன்னோம். முடியாது என்றுவிட்டார். “ஒளிஞ்சு போறதுக்கு நான் என்ன களவா எடுத்தேன்?” புதுக்குடையோடு என் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

மெயின் ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். சந்திலிருந்து ஒரு பைக் வந்து எனக்கு நேர் பின்னால் நுழைந்தது. இரண்டு ஹெல்மெட். கண்ணாடியில் பார்த்தேன். “அக்கா...” என்றேன்.

“தெரியுது. நீ ரோட்டப் பாத்து ஓட்டு” என்றார் அக்கா. அவர் கை என் தோளை இறுகப் பிடித்திருந்தது. அவருக்கும் பயம்தான். அது தெரிந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பைக் வலது பக்கம் ஒதுங்கி முறுக்கியது. என் பக்கவாட்டுக்கு வருகிறான்! கடைசியிலிருந்து எங்கள் வேன் ஹார்ன் அலறியது. முன்னால் தாதா ஆட்டோவிலிருந்து தலையை நீட்டித் திரும்பிப் பார்த்துக் கத்தினார்:

“ஏ பாயீ! கான்வாய் மே ஓவர்டேக் மனா ஹை!”

அடுத்து நடந்ததை நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும். பைக்கை ஓட்டியவன் சட்டென்று வேகத்தைக் குறைத்து, பழைய இடத்துக்கே வந்து வரிசையில் சேர்ந்துகொண்டான். தீவில் பிறந்து வளர்ந்தவன். கூலிக்கு ஆளை அடிப்பான்... கான்வாயில் ஓவர்டேக் மட்டும் செய்ய மாட்டான்! தன் தப்பு அவனுக்கு உறைப்பதற்குள் பின்னாலிருந்த ஸ்கூட்டர்கள் இடைவெளியை அடைத்துவிட்டன. இடது பக்கம் தொப்பி மாமா. வலது பக்கம் ராஞ்சிப் பையன்கள்.

டவுன் ஜங்ஷனில் திரும்பித் தப்பிக்கலாம் என்று நினைத்திருப்பான். அங்கேதான் அந்த டிராஃபிக் போலீஸ்காரர் எல்லாப் பக்கமும் நிறுத்திவிட்டு, எங்களுக்கு மட்டும் வழிவிட்டு, சல்யூட் அடித்தார். ஹெட்லைட் போட்டு வரிசையாக வருவதைப் பார்த்து யாரோ வி.ஐ.பி. என்று ஏமாந்துவிட்டார் பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

கோர்ட் வாசல். வண்டிகள் நின்றன. நடுவில் அந்த பைக்கும் நின்றது. சுற்றிலும் நாங்கள், எதிரே வாசல் காவல் போலீஸ்.

அக்கா இறங்கினார். குடையை ஊன்றிக்கொண்டு பைக்கிடம் போனார்.

“வாங்க தம்பி. சாட்சி சொல்லவா வந்தீங்க? ஹெல்மெட்டக் கழட்டுங்க, வேர்க்கும்.”

காவல் போலீஸும் அதையே சொன்னார், கொஞ்சம் உரக்க. கழற்றினார்கள். பின்னால் இருந்தவனின் சட்டைக்குள்ளிருந்து கம்பியும் வெளியே வந்தது. அக்கா ஒடிந்து ஒட்டிய கையால் அதைச் சுட்டிக் காட்டினார். அதற்குமேல் நான் எழுதக் கூடாது, கேஸ் நடக்கிறது.

சுக்மணி கூண்டில் ஏறினாள். கதவருகே நாங்கள் கூட்டமாக நிற்பதைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தெளிவாகச் சொன்னாள்: “தாலா பாஹர் ஸே லகா தா, ஸாப்.” பூட்டு வெளிப்பக்கம்தான் இருந்தது, ஐயா. இந்த ஒரு வரியைச் சொல்ல விடக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனை கம்பியும்.

வாசலில் நடந்ததை அக்காவின் வக்கீல் எடுத்துச் சொன்னார். கேஸ் முடியும்வரை இருவருக்கும் பாதுகாப்புக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஊப்பர் ஸே ஆர்டர்! இப்போது அக்கா வீட்டு வாசலில் ஒரு கான்ஸ்டபிள் உட்கார்ந்திருக்கிறார். வேளாவேளைக்குத் தேத்தண்ணி கிடைக்கிறது. நகத்தை வெட்டு என்று திட்டும் கிடைக்கிறது.

திரும்பி வரும்போது ஜங்ஷனில் அந்த டிராஃபிக்காரர் நிழலில் நின்றுகொண்டிருந்தார். மனசு கேட்கவில்லை, வண்டியை நிறுத்தினேன். “சாரி தம்பி, வி.ஐ.பி. கான்வாய்னு நெனைச்சுட்டீங்க போல...”

அவர் என் பின்னால் இருந்த அக்காவைப் பார்த்துச் சிரித்தார். நர்சரியில் மூக்கைத் துடைத்துவிட்ட கணக்கில் அவரும் ஒருவர் என்று அப்போதுதான் புரிந்தது.

“இல்ல மேடம், தெரிஞ்சுதான் நிறுத்துனேன். அக்காவுக்குப் பாதுகாப்பு குடுக்கத்தான் எனக்கு ஆர்டர் வேணும். ட்ராஃபிக்க நிறுத்துறதுக்கு வேணாமே!”