மாதக் கடைசி பக்தி

ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸில் எங்கள் முன்சீட்டில் வரும் அந்த அம்மாவுக்கு விரலெல்லாம் பசைக் கறை. சம்பளம் வந்த வாரத்தில் நெற்றியில் சின்னப் பொட்டு மட்டும்தான் இருக்கும். மாதக் கடைசியில் பட்டையாகத் திருநீறு ஏறிவிடும்.

"இன்னாம்மா, பக்தி ஜாஸ்தியாயிடுச்சு?" என்றேன்.

"விரதம்பா. வீட்ல கறி கெடையாது. காசு இல்லன்னு சொன்னா பசங்க மூஞ்சி தொங்கிடும். சாமிக்குன்னு சொன்னா கம்முனு சாம்பார் சாதம் சாப்டுதுங்க."

"எந்த சாமிக்கு?"

"சம்பளம் வர்ற வரைக்கும் எது கெடைக்குதோ அதுக்கு."

பஸ்ஸே சிரித்தது. பக்கத்தில் இருந்த என் மனைவி மட்டும் சிரிக்காமல் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் பையை எடுத்தேன். எதிரே வந்து நின்ற மனைவியின் நெற்றியில் பட்டையாகத் திருநீறு.

எந்தச் சாமிக்கு என்று நான் கேட்கவில்லை. பையை ஆணியில் மாட்டிவிட்டேன்.