நீலமாக்கிய தண்ணீர்

மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்குள் தண்ணீர் வருவதற்கு மழை வேண்டாம். மார்கழி விடியற்காலையில் கடல் ஏற்றத்தோடு காயல் நீரும் ஏறும். சாக்கடை வழியாகக் கறுப்பாக வீட்டுக்குள் வந்து, கட்டில் கால்களை நனைத்துவிட்டு, வெயில் ஏறியதும் தானே திரும்பிப் போகும். எல்லார் வீட்டிலும் ஃபிரிட்ஜ் செங்கல் மேல்தான் நிற்கிறது.

சாக்கடை காயலில் சேரும் இடத்தில், ஏறும் தண்ணீரைத் தடுக்க ஒரு ஷட்டர் வைத்தால் போதும். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன குடியிருப்போர் சங்கம், மாநகராட்சி அதிகாரிக்கு ஓர் ஆவணப்படம் எடுத்துக் காட்டத் தீர்மானித்தது. எடுத்துத்தர நான் இருந்தேன். பத்தாவதோடு பள்ளியை விட்டு, கலூரில் அனிமேஷன் பழகி, தோப்பும்படியில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் விளம்பரங்களுக்கு கிராபிக்ஸ் செய்கிறவள். தேங்காயெண்ணெயைத் தங்கமாக ஒழுகவிடுவேன். துணிக்கடைக்காக வானத்திலிருந்து பட்டுச்சேலை இறக்குவேன். ஆள் முன்னால் நின்று பேசச் சொன்னால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீர் வந்த ஒரு காலையில் போனில் படம் பிடித்தேன். சங்கச் செயலாளர் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"என்ன தங்கச்சி, நம்ம சந்து இத்தனை அசிங்கமாவா இருக்கு?"

"தண்ணி வந்தா இப்படித்தானே அண்ணே..."

"அது செரி. எங்க சுவருல இருக்கற பாசிய மட்டும் கம்ப்யூட்டர்ல மாய்ச்சிடு. நாலு பேரு பாக்கற படமாக்கும்."

செய்தி பரவியது. மூலை வீட்டு அக்கா சாயாவோடு வந்தாள். அவள் மகளுக்கு ஆலுவாவில் வரன் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மோளே, எங்க கதவு உளுத்தது தெரியப்படாது கேட்டியா. ஒரு தேக்குக் கதவா வச்சுக் கொடு. உனக்கென்ன, பட்டனத் தட்டுனா வந்துடும்."

அப்புறம் சந்து முழுவதற்கும் வெள்ளையடித்தேன். துருப்பிடித்த கிராதிகளை மாற்றினேன். செங்கல்லைப் பார்த்தால் சிரிப்பார்கள் என்று ஒருவர் வருத்தப்பட்டதால், ஃபிரிட்ஜ்களைத் தரையில் இறக்கினேன். இவ்வளவு அழகுக்கு நடுவே கறுப்புத் தண்ணீர் பொருந்தவில்லை.

"அதையும் நீலமாக்கிடு" என்றார் செயலாளர்.

"அப்போ ஷட்டர் எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா அண்ணே?"

"அந்தக் கஷ்டமெல்லாம் பின்னால குரல் சொல்லுமே!"

நீலமாக்கினேன். எண்ணெய் விளம்பரத்தில் மிச்சமிருந்த மினுமினுப்பையும் அதன் மேல் ஓடவிட்டேன்.

சங்க அறையில் அதிகாரி படம் பார்த்தார். பின்னணிக் குரல் எங்கள் துயரத்தைச் சொல்லி உருகியது. அவர் கண் நீலத்தை விட்டு நகரவில்லை.

"கொள்ளாமல்லோ, நல்லாருக்கே! ஷட்டர் இட்டா இந்த அழகெல்லாம் போயிடுமே. இது டூரிஸ்ட் வர வேண்டிய இடமாக்கும்."

எல்லாரும் கைதட்டினார்கள். மூலை வீட்டு அக்காதான் பலமாகத் தட்டினாள். தேக்குக் கதவு அப்போது திரையில் இருந்தது.

ஷட்டர் வரவில்லை. சந்து முகப்பில் வண்ண விளக்கும், உட்கார்ந்து தண்ணீரை ரசிக்க ஒரு பெஞ்சும் வந்தன. அடுத்த ஏற்றத்தில் பெஞ்சு மூழ்கியது. செயலாளர் வேட்டியை மடித்துக்கட்டி, முழங்கால் தண்ணீரில் நின்று கத்தினார்.

"எடு தங்கச்சி! இந்தத் தடவை உள்ளது உள்ளபடி எடு. அந்த ஆளுக்குப் புத்தி வரட்டும்!"

எடுத்தேன். அவர் மெல்ல நகர்ந்து, சுவர்ப் பாசியை முதுகால் மறைத்துக்கொண்டார். "இதை மட்டும் அப்புறமா கம்ப்யூட்டர்ல..." என்று அவர் தொடங்குவதற்குள், வீடியோவை அப்படியே அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். பேச வேண்டியதில்லை என்பதால் அந்தத் துணிச்சல் எனக்கு வந்தது.

பதில் உடனே வந்தது: "கறுப்புத் தண்ணி கிராபிக்ஸ் கொள்ளாம். ஆனா பழைய நீலம்தான் நேச்சுரல்."