ஆயருக்கு என் மகள் சொன்ன வரவேற்புரை

மாரிகுப்பத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில்தான் இன்னமும் இருக்கிறோம். பெங்களூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். விடியற்காலை ரயிலில் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவேன். எங்கள் கத்தோலிக்கக் கோயிலை ஒட்டியிருக்கும், ஆயரின் நிர்வாகத்திலுள்ள மறைமாவட்டப் பள்ளியில் தமிழ் வழியில்தான் நான் படித்தேன். என் மகளும் அங்கேதான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள்.

போன வருடம் பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியையான மதர் எழுந்து, ஜூனிலிருந்து தமிழ்ப் பிரிவு கிடையாது என்றார். மறைமாவட்டத்தின் முடிவாம். இங்கிலீஷ் பிரிவில் சேர வேண்டுமானால் பரீட்சை எழுத வேண்டும். தேறாத பிள்ளைகள் இரண்டு வகுப்பு கீழே போய் உட்கார வேண்டும். எங்களில் ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்கள் சத்தம் போட்டதும், "பிஷப் வர்றப்போ அவர்கிட்டயே சொல்லிக்குங்க" என்று கூட்டத்தை முடித்துவிட்டார்.

பிள்ளைகளுக்கு நெற்றியில் எண்ணெய் பூசி உறுதிபூசுதல் கொடுக்க, பிஷப்பான ஆயர் வருவதாக இருந்தது. அதைப் பெறும் பிள்ளைகளில் என் மகளும் ஒருத்தி. வரவேற்புரையும் அவள்தான் சொல்ல வேண்டும், அதுவும் இங்கிலீஷில் என்று மதர் ஏற்பாடு செய்தார். டீச்சர் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்ததை அவள் பல் விளக்கும்போதும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு இன்னாடி அர்த்தம்?" என்று என் மனைவி கேட்டாள்.

"தெரியாதும்மா. சிரிச்சிக்கினே சொல்லணுமாம்."

அன்றைக்கு ஆயர் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. பிள்ளைகளைப் பூவும் கையுமாக வெயிலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். சின்னப் பிள்ளை ஒன்று மயங்கி உட்கார்ந்தது. அதைத் தூக்கி நிழலில் போட்டுவிட்டு வரிசையை மறுபடி நேராக்கினார்கள்.

பூசை முடிந்து பள்ளி ஹாலில் கூட்டம். என் மகள் ஓரிடத்திலும் தடுமாறாமல் சொல்லி முடித்தாள். ஆயர் மைக்கை வாங்கிக்கொண்டு புத்தகத் தமிழில் பேசினார்.

"பார்த்தீர்களா? தமிழ்ப் பிரிவுக் குழந்தை. எவ்வளவு அழகான இங்கிலீஷ்! பெற்றோருக்கு ஏன் இந்த வீண் பயம்?"

முன்வரிசை கைதட்டியது. என் பிள்ளையின் வாயை வைத்தே அவள் வகுப்பை மூடுகிறார்கள்! நான் எழுந்தேன். ஆனால் எனக்கு முன்னால் அவளே பேசிவிட்டாள்.

"அதெல்லாம் மனப்பாடம் சாமி. எனக்கு அர்த்தம் தெரியாது."

மதர் விருட்டென்று போய் அவள் கையைப் பிடித்து இழுத்தார். என் மனைவி நாற்காலிகளை விலக்கிக்கொண்டு மேடையருகே போனாள்.

"கைய உடுங்க மதர். அவ பொய்யா சொன்னா?" என்றவள் ஆயரைப் பார்த்துத் திரும்பினாள். "சாமி, எங்க மாமனாரு ஷிஃப்ட் முடிச்சி வந்து, குளிக்காம கொள்ளாம கல்லு தூக்கிக் கட்டின இஸ்கூலு இது. அவரு பேத்திக்கு இதுல எடமில்லன்னா இன்னாங்க நாயம்?"

"ஜெபியுங்கள் அம்மா. பரிசீலிக்கிறோம்."

"ஜெபம் நாங்க பண்ணிக்கிறோம். நீங்க பதில் சொல்லுங்க."

சாப்பாடு தயார் என்று பங்குச் சாமியார் குறுக்கே வந்தார். ஆயர் எங்கள் பக்கம் கையைத் தூக்கி ஆசீர்வாதம் கொடுத்துவிட்டு நடந்தார். அந்தக் கையை அப்படியே பிடித்து நிறுத்த வேண்டும் போல இருந்தது.

வராந்தாவில் மதர் இன்னொரு சிஸ்டரிடம், எங்கள் காதில் விழட்டும் என்றே சொன்னார்: "லைன் ஆளுங்களுக்கு எவ்வளவு செஞ்சாலும் புத்தி வராது." எங்கள் சாதியை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் 'லைன்' என்ற சொல்லை வைத்துக்கொள்கிறார்கள். இது எங்களுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். இருந்தும் ஞாயிற்றுக்கிழமை பீடத்திலிருந்து "சகோதரர்களே" என்று அழைக்கிறார்கள்.

எந்தப் பரிசீலனையும் நடக்கவில்லை. ஜூனில் தமிழ்ப் பிரிவை மூடினார்கள். கீழ் வகுப்பில் போய் உட்கார மாட்டேன் என்று மகள் தீர்த்துச் சொல்லிவிட்டாள். ராபர்ட்சன்பேட்டையில் தமிழ் வழி இருக்கும் அரசுப் பள்ளியில் சேர்த்தோம். அங்கே நன்றாகப் படிக்கிறாள். பழைய டீச்சரைத் தெருவில் பார்த்தால் வணக்கமும் சொல்கிறாள். அவள் மனது அப்படி.

எனக்கு ஆறவில்லை. பூசைக்குப் போகாமல் இல்லை. கோயில் எங்களுடையது, ஆயருடையது மட்டுமல்ல. ஆனால் பூசையில் அவர் அனுப்பிய சுற்றுமடலைப் பங்குச் சாமியார் வாசிக்கத் தொடங்கினால் எழுந்து வெளியே போய் வாசல் வேப்பமரத்தடியில் நிற்கிறேன். முதலில் நான் ஒருவன்தான் நின்றேன். இப்போது அந்த மரத்தடியில் எல்லாருக்கும் நிழல் போதவில்லை.