ஹீட்டர் மேல் காயவைத்த கரி

நிலக்கரியைக் காயவைத்தே கெடுக்க முடியுமா? எம்.எஸ்ஸி. முடித்த நான் ஒரே வார இறுதியில் கெடுத்தேன்.

எண்பத்தாறு குளிர்காலம், ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சன் பக்கம் ஒரு ஆய்வுக்கூடம்; ஸ்காலர்ஷிப்பில் போயிருந்தேன். ஒரே கரியைப் பல நாட்டு லேபுகளுக்கும் அனுப்பி, ரிசல்ட் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். எங்களுக்கு இரண்டு டின் வந்தது. ஒரு கிராம் தூளை மூடிய கிண்ணத்தில் சூடாக்கினால் பன் மாதிரி உப்ப வேண்டும். எவ்வளவு உப்புகிறது என்பதுதான் ரிசல்ட்.

கரியை அரைப்பவர் அருளப்பு அண்ணை, மன்னாரிலிருந்து அகதியாக வந்தவர். வெள்ளிக்கிழமை அவர் அரைத்த தூளை ட்ரேயில் பரப்பி அறையைச் சூடாக்கும் ஹீட்டர் மேல் வைத்தேன். நெய்வேலியில் ஈரப் பழுப்புக்கரியை நாள்கணக்கில் பரப்பி உலர்த்திய பழக்கம்.

"என்ன தம்பி, கருவாடே போடுறீர்?"

"நீங்க அரைங்கண்ணே, சயின்ஸ நான் பாத்துக்கறேன்."

திங்கட்கிழமை கரி உப்பவே இல்லை, காசு மாதிரி தட்டை. இந்த ரூர் வட்டாரக் கரித்தூள் சூட்டில் காற்றுப்பட்டுக் கிடந்தால் உப்பும் குணம் போய்விடும். புத்தகத்தில் இருந்தது, நான்தான் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

"அரைக்கிறவர் கெடுத்துட்டார். இனி அவர் வேண்டாம்" என்றார் லேப் தலைவர். நான் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

வராந்தாவில் அண்ணை மறித்தார். "வியாழன் எனக்கு அகதி அலுவலகத்திலை டெர்மின், வரச்சொல்லி நேரம் குடுத்திருக்கிறாங்கள். வேலைக் கடிதம் இல்லாமல் போக ஏலாது. நீர் சொல்லுறீரோ, நான் சொல்லட்டோ?"

"ஸ்காலர்ஷிப் போயிடும்ணே."

"உமக்கு அதுதான் போகும். என்னைப் பிளேனிலை ஏத்திப்போடுவாங்கள்."

போய்ச் சொன்னேன். தலைவர் கத்தவில்லை. திறக்காத இரண்டாவது டின்னை நீட்டினார். அண்ணை அரைத்த கையோடு சூடாக்கினோம். கரி கிண்ண மூடியை முட்டியது.

"இப்ப சயின்ஸ் சரியோ?" பிளாஸ்க்கிலிருந்து எனக்கும் தேத்தண்ணி ஊற்றினார். அந்தக் கரித்தூள் வாசமும் அந்தத் தேத்தண்ணியும் எந்த லேபிலும் திரும்பக் கிடைக்கவில்லை.

கடிதத்தில் தலைவர் கையெழுத்திட்டார். எல்லா நாடுகளுக்கும் போன அறிக்கையில் என் தப்பை என் பெயரோடு நானே டைப் அடித்தேன். உலக ஆராய்ச்சிக்கு என் முதல் பங்களிப்பு!

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று: கிராஃபில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் யாரோ ஒருவர் கை வைத்த ட்ரேயிலிருந்து வருகிறது. கை உங்களுடையது என்றால் முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அண்ணை இப்போது பக்கத்து ஹம் நகரில், மனைவி பிள்ளைகளோடு. நான் ஹனோவரில். ஹீட்டர் மேல் என் சாக்ஸ் காய்கிறது.