மலைக்கா, எனக்கா?

மலையையே சாமியாகச் சுற்றி வரும் எங்கள் ஊரில் வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் முதலில் விசாவைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆசிரமத்துப் பக்கம் எந்தக் காபிக் கடையில் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். சாமி, தியானம் எல்லாம் அப்புறம்தான். உனக்கு எத்தனை மாதம் பாக்கி, யார் புது விசாவுக்காக நேபாளம் வரை போய்த் திரும்பி வந்தார், யாரை விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள், இதுதான் பேச்சு. அப்படிப்பட்ட ஒருவர் உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டால் ஊர் என்ன சொல்லும்? நான் கட்டிக்கொண்டபோது சொன்னதைத்தான் சொல்லும். மலையடியிலேயே இருந்துவிட ஒரு வழி தேவைப்பட்டது, இவள் கிடைத்தாள் என்று.

நான் டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே கூட இருக்கும் பெண்கள் "அக்கா, தப்பா நெனைச்சிக்காதீங்க" என்று ஆரம்பிப்பார்கள். "தப்பாத்தான் நெனைப்பேன், சொல்லு" என்பேன். அப்புறமும் விடமாட்டார்கள். "இல்லக்கா, இவங்களுக்கு எல்லாம் விசாதான் முக்கியம்னு சொல்றாங்க." சொல்கிறார்களாம்! யார் சொல்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் ஒருத்திக்கும் வாய் திறக்காது.

அவருடைய ரத்தத்தை முதலில் எடுத்தவள் நான்தான். டெங்கு. போலந்துக்காரர், தச்சு வேலை செய்தவர், நாற்பதைத் தாண்டியவர். ஊசி குத்தும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று தமிழில் சொன்னார். வெள்ளைக்காரர் வாயில் தமிழைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். தட்டணுக்கள் ஏறுகிறதா என்று பார்க்கத் தினமும் வந்தார். ஏறிய பிறகும் வந்தார். எனக்கும் வயது முப்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது, வீட்டில் என் கல்யாணப் பேச்சை எடுப்பதையே விட்டிருந்தார்கள். மேற்கொண்டு சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, பிடித்திருந்தது, கட்டிக்கொண்டேன். பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் ஒட்டி, ஒரு மாதம் காத்திருந்து, கையெழுத்துப் போட்டு, பிறகு எங்கள் கிராமத்து அம்மன் கோயிலில் தாலியும் கட்டினார். ஆசிரமத்துப் பக்கம் ஒரு மாடி வீட்டில் குடியேறினோம். கீழே வீட்டுக்காரம்மா.

டூரிஸ்ட் விசாவை மனைவியோடு இருப்பவருக்கான விசாவாக மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பித்தோம். விசாரணைக்கு ஆள் வருவார்கள், நீங்கள் உண்மையாகவே சேர்ந்து வாழ்கிறீர்களா என்று பார்ப்பார்கள் என்றார்கள். வரட்டுமே, நமக்கு என்ன பயம் என்று இருந்தேன். அதற்குள் ஆடி வந்துவிட்டது.

எங்கள் கிராமம் செங்கம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பாவுக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற கொல்லை கொஞ்சம் உண்டு. என் கல்யாணத்தால் அம்மா அங்கே பட்ட பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. அந்த அம்மா ஆடி பிறப்பதற்கு முன்னால் தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம், புதுப் புடவை, வேட்டி எல்லாம் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்து நின்றாள். புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போக வந்திருக்கிறாளாம்.

"இந்த வயசுல எனக்கு ஆடியா? சும்மா இரும்மா" என்றேன்.

"இன்னாடி பேசற? எல்லாப் பொண்ணையும் ஆடிக்குக் கூட்டிக்கினு வராங்க. உன்ன மட்டும் உட்டுட்டா, தோ பாரு, இது கல்யாணமே இல்லன்னு நான் சொன்னேனேன்னு ஒவ்வொருத்தியும் வாய்ல போட்டு மெல்லுவா. கெளம்பு."

அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். எனக்கு ஆடியில் நம்பிக்கையில்லை. ஆனால் எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் வந்து உட்கார்ந்த மாதிரி நானும் புதுப் புடவை கட்டிக்கொண்டு வாசலில் உட்கார வேண்டும், இது எல்லோருடைய கல்யாணத்தையும் போல ஒரு கல்யாணம்தான் என்று அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது. அலமாரியில் இருந்ததையெல்லாம் எடுத்து மூட்டை கட்டினேன்.

அவருக்கு விஷயத்தை விளக்க வேண்டியிருந்தது. புதிதாகக் கட்டியவர்கள் ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், அது ஆகாது என்பார்கள், அதற்காகப் பிரித்து வைக்கிறார்கள் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். நான் உஷாரானேன். ஏனென்றால் எங்கள் வழக்கம் எதையாவது புதிதாகத் தெரிந்துகொண்டால் ஊர் பூராவும் சொல்லிவிட்டு வருவது அவர் பழக்கம். முதல் ராத்திரிக்குச் சொம்பில் பால் கொடுத்து அனுப்பியதைக் காபிக் கடையில் நான்கு நாட்டுக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறார். கீழ் வீட்டுக்காரம்மாவிடம் இதைப் போய் விளக்கினால் நான் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா?

"யாரு கேட்டாலும், அம்மா வீட்டுக்குப் போயிருக்கான்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னேன். சரி என்று தலையாட்டினார்.

ஆடி முதல் நாள் கிராமத்துக்கு வந்து விருந்து சாப்பிட்டார். அப்பா எடுத்துக் கொடுத்த வேட்டியை அங்கேயே கட்டிக்கொண்டார். "ஒரு மாசம் நான் மலையோட இருக்கேன், நல்லது" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறிக் கையாட்டிக்கொண்டே போனார். பிரிந்து போகிறவர் முகத்தில் ஒரு வாட்டம் வேண்டாமா? கொஞ்சம்கூட இல்லை. எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்குத்தான் ஊரார் பேச்சு முதன்முதலாக எனக்கு உள்ளே போனது.

ஆடி பாதியில் ஒரு நாள் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு பெருமை. "ஒருத்தர் வந்து உன்னைக் கேட்டாரு. நீ சொன்ன மாதிரியே சொன்னேன்."

"யாரு வந்தது?"

"போலீஸ். ஆனா சாதா சட்டை."

போனை வைத்தேன். கட்டியிருந்த புடவையோடு பஸ் பிடிக்க ஓடினேன். "ஆடியில எங்கடி போற? போனாலும் அவரு வூட்டுக்குள்ள காலை வெக்காத!" என்று அம்மா பின்னால் கத்தினாள். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டேதான் போனேன். உட்கார முடியவில்லை.

விசாரணைக்கு வந்த போலீஸ்காரரை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் தேடிப் பிடித்தேன். வேலூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். என்னைப் பார்த்ததும், "நீங்கதானா அது? வாங்க" என்றார்.

"சார், நாங்க ஒண்ணாத்தான் சார் இருக்கோம்."

"நான் இன்னா பண்றதும்மா? வூட்ல போய் மிஸஸ் எங்கன்னு கேட்டா, அம்மா வூட்டுக்குப் போயிருக்கான்னாரு. எப்ப வருவாங்கன்னேன். அதுக்கு மேல பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்றாரு. எதுனா சண்டையான்னேன். அதுக்கும் பேசக் கூடாதுன்றாரு. அலமாரியைத் தொறந்து பாத்தா உங்க துணி ஒண்ணுகூட இல்ல. கீழ வூட்டம்மாவைக் கேட்டா, பொண்ணோட அம்மா வந்து மூட்டை முடிச்சோட கூட்டிக்கினு போய்ட்டாங்க, வேற எதுவும் தெரியாதுன்றாங்க. நீங்களே சொல்லுங்க, நான் இன்னான்னு எழுதுவேன்?"

"ஆடிக்குப் போனேன் சார்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடக் கடவுளே! ஆடின்னு ஒரு வார்த்தை அந்த மனுசன் சொல்லியிருந்தா நான் சிரிச்சிக்கினே எறங்கிப் போயிருப்பனே. என் பொண்ணே இப்ப என் வூட்லதாம்மா இருக்கு! வெள்ளைக்காரர் வூட்ல ஆடி இருக்கும்னு எனக்கு எப்படித் தோணும்? ரிப்போர்ட் மேல போயிடுச்சே. சேர்ந்து வசிக்கலைன்னு எழுதிட்டேன்."

"மாத்தி எழுதக் கூடாதா சார்?"

"மேல கூப்பிட்டு விசாரிப்பாங்க. அப்ப சொல்லுங்க. இப்ப நான் மாத்தி எழுதினா என்னையில்ல சந்தேகப்படுவாங்க."

கல்யாணம் உண்மை என்று ஊருக்குக் காட்டப் போய், அதைப் பொய் என்று சர்க்காருக்கு எழுதிக் கொடுத்தது மாதிரி ஆகிவிட்டது. யாரைத் திட்டுவது? அம்மாவையா? சொன்னதைச் சொன்னபடி செய்த அந்த மனுஷனையா? என்னையே திட்டிக்கொண்டு அன்று மாலையே மாடி வீட்டுக்குத் திரும்பினேன். ஆடியாவது ஒன்றாவது.

அதற்குப் பிறகு காத்திருந்த மாதங்களில் நான் நானாக இல்லை. பதில் வரவில்லை. அவர் விசா முடிந்து, இதோ பரிசீலனையில் இருக்கிறது என்ற ஒரு சீட்டில் நாள் ஓடிக்கொண்டிருந்தது. என்றைக்கு வேண்டுமானாலும் நாட்டை விட்டுப் போ என்று சொல்லலாம். மாடிப்படியில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்து நிற்பேன். வேலையில் ஒருவர் ரத்தத்தை இன்னொருவர் குழாயில் ஊற்றப் போனேன், நல்லவேளை பக்கத்துப் பெண் பார்த்துவிட்டாள்.

போகச் சொல்லிவிடுவார்களோ என்பது ஒரு பயம். அதைவிட மோசமான இன்னொன்று இருந்தது. போகச் சொன்னால் இவர் எதை நினைத்து அழுவார்? காலையில் எழுந்ததும் மொட்டை மாடிக்குப் போய் மலையைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். எனக்குத் தெரியாமல் இல்லை, கல்யாணத்துக்கு முன்பும் அப்படித்தான். ஆனால் இப்போது அவர் மலையைப் பார்க்கும்போது நான் அவர் முகத்தைப் பார்த்தேன். என்னைப் பார்க்கும்போது இந்த முகம் வருகிறதா? வருகிற மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. நேராகக் கேட்கத் துணிவில்லை. அதற்குப் பதிலாகப் பாத்திரத்தை ணங்கென்று வைத்தேன், குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று அவர் சொன்னதற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். பாவம், அந்த மனுஷனுக்கு எதற்கு என்றே தெரியாது.

கடைசியில் வேங்கிக்காலுக்குக் கூப்பிட்டார்கள். மேலதிகாரி ஒரு அம்மா, வெளியூர்க்காரர், கண்டிப்பான முகம். முதலில் என்னைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார். ஆடி சமாச்சாரத்தைச் சொன்னதும் அவருக்கே உதட்டோரம் சிரிப்பு வந்தது. அது தீர்ந்தது என்று மூச்சு விட்டேன். என் வீட்டுக்காரர் ரத்தம் என்ன வகை என்று கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பேன். கேட்டது வேறு.

"உங்க வீட்டுக்காரர் சொந்த ஊர் பேர் என்ன?"

போலந்து என்றேன். "அது நாடும்மா. ஊர்?" என்றார். அந்தப் பெயரை எப்போதோ ஒரு தடவை சொல்லிப் பார்த்துச் சரியாக வராமல் விட்டுவிட்டேன். அது கடலோரமா, மலைப்பக்கமா என்றும் தெரியவில்லை. அவருடைய அக்கா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். அதுவும் தெரியவில்லை. "இதெல்லாம் நீங்க அவர்கிட்ட கேட்டதே இல்லையா?" என்றார். கேட்டதே இல்லை. எனக்கு முகம் சுட்டது.

பிறகு இருவரையும் சேர்த்து உட்கார வைத்தார். அவரைப் பார்த்து நிதானமாகக் கேட்டார். "விசா கிடைக்கலைன்னா என்ன செய்வீங்க?"

இத்தனை மாதமாக நான் கேட்கப் பயந்த கேள்வி அதுதான்.

"ரெண்டு பேரும் எங்க ஊருக்குப் போயிடுவோம்" என்றார் அவர். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

மலையை விடுகிறேன் என்கிறார்! எனக்கு அந்த அறையிலேயே ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் அதிகாரி என் பக்கம் திரும்பி, "அப்படித்தானே?" என்றார். நானும் தலையை ஆட்டினேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒரு வருஷத்துக்குப் பரிந்துரை பண்றேன். மறுபடி விசாரிப்போம், வீட்ல இருங்க" என்று அனுப்பி வைத்தார்.

வெளியே வந்து ரோட்டோரக் கடையில் இரண்டு டீ சொன்னோம்.

"நெஜமாவே எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிடுவீங்களா?" என்றேன்.

"இல்ல. பொய் சொன்னேன்" என்றார். "நீ வரமாட்ட. எனக்குத் தெரியும். அதை அங்க சொன்னா, பிரிஞ்சிடுவாங்கன்னு எழுதுவாங்க."

அத்தனை மாதக் கோபமும் வெளியே வந்தது. "அப்போ நீங்க இங்க இருக்கறது மலைக்கா, எனக்கா? இன்னைக்குச் சொல்லியே ஆகணும்" என்று கத்திவிட்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் கை நின்றது.

இவர் கோபித்துக்கொள்ளவில்லை. தமிழில் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தார். "ரெண்டும் ஒரே ஊர்ல இருக்கு. பிரிச்சுப் பாக்க எனக்குத் தெரியல. நீ சொல்லு. என்கூட எங்க ஊருக்கு வந்துடுன்னு நான் அப்பவே கேட்டிருந்தா, நீ என்னைக் கட்டியிருப்பியா?"

இத்தனை பேர் இத்தனை நாள் என்னிடம் கேட்டதெல்லாம் அவரைப் பற்றித்தான். என்னைப் பற்றி ஒருத்தர் கேட்டது அப்போதுதான். சென்னை மாப்பிள்ளை, பெங்களூர் மாப்பிள்ளை என்று வந்தவர்களையெல்லாம் ஊரை விட்டு வரமாட்டேன் என்று திருப்பி அனுப்பியவள் நான். ஊரை விட்டுப் போகவே விரும்பாத ஒரு மாப்பிள்ளை வந்ததும் சரி என்றவளும் நான்தான்.

"டீ ஆறுது, குடிங்க" என்றேன்.

அவர் குடிக்கவில்லை. என் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். நான் பஸ் வருகிறதா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.