தகரக் கூரை மழையில் கேட்ட சொல்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் என் கையெழுத்தும் மளிகைச் சீட்டும்தான். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று இன்றைக்கும் தடுமாறுவேன். ஞாபகமும் முன்னைப்போல் இல்லை, ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்பேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள். வாயைத் திறந்து நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன். சளி பிடிக்கும் என்று பயப்படுவதாக வீட்டில் நினைக்கிறார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வண்டி நிறுத்தத் தகரம் போட்டிருக்கிறார்கள். அதன்மேல் மழை விழுகிற சத்தம்தான் எனக்கு ஆகாது. அந்தச் சத்தத்தில் யாரோ எதையோ சொல்கிற மாதிரியும் எனக்குப் பாதிதான் கேட்கிற மாதிரியும் இருக்கும்.

அப்போது நாங்கள் ஆவடியில் சேக்காட்டுப் பக்கம், ஏரிக்கரைக்குக் கீழே குடிசையில் இருந்தோம். அறுபதுகளின் நடுவில் இருக்கும். என் அப்பா முன்பு கழனியில் கூலி வேலை செய்தவர். கழனியெல்லாம் ஃபேக்டரிக்கும் குவார்ட்டர்ஸுக்கும் போன பிறகு கட்டட வேலைக்கு மண் சுமக்கப் போனார். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் அடுப்பு இல்லை. அதனால் எங்கள் வீட்டில் மழையைப் பற்றி யாரும் நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை.

குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம் இருந்தது. அந்த வருஷம் அங்கே ஐந்தாம் வகுப்பில் இடம் இல்லை என்று ஒரு பெண்ணை எங்கள் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அவளுடைய அப்பா ஃபேக்டரியில் வேலை பார்க்கத் தெற்கே கரிசல் சீமையிலிருந்து வந்தவர். இரட்டைப் பின்னலும் புது ரிப்பனுமாக வந்தவள், நேராக என் பக்கத்தில் வந்து நின்று, "ஏட்டி, கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றாள்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது.

"இன்னாது, ஏட்டியா?"

"ஏட்டி, போட்டி, ஆட்டுப் போட்டி!"

எங்கள் பக்கம் போட்டி என்றால் ஆட்டுக் குடல். அவளுக்கு அது தெரியாது, ஆனாலும் கேலி என்று புரிந்துவிட்டது. முகம் சிவந்து உட்கார்ந்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. நல்ல மனசு என்று நினைக்காதீர்கள். சத்தமாகச் சிரிக்கவே எனக்குக் கூச்சம், அவ்வளவுதான். அவள் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து என் பக்கத்து இடம் அவளுடையது.

கேலிக்குப் பயந்து சீக்கிரமே எங்கள் பேச்சைக் கற்றுக்கொண்டாள். கொஞ்சம் அதிகமாகவே கற்றுக்கொண்டாள். ஒரு நாள் டீச்சர் யாரையோ எங்கே என்று கேட்க, இவள் எழுந்து, "அவ ஊட்ல கீறா டீச்சர், கஞ்சி குச்சிகினு கீறா" என்றாள். மறுபடியும் வகுப்பே சிரித்தது. "அடிப்பாவி, நம்ம ஊர்க்காரியாவே ஆய்ட்டாடா இவ!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அவள் அம்மாவுக்கு அந்தப் பேச்சு காதில் விழக்கூடாது. "'இன்னா'ங்குத வாயில சூடு வச்சிருவேன்" என்பார். அதனால் பள்ளிக்கூடத்தில் எங்கள் பேச்சு, தன் வீட்டுப் படியேறினால் அவர்கள் பேச்சு. என்னிடம் மட்டும், அம்மா காதில் விழாமல், வீட்டிலும் எங்கள் பேச்சுதான். அவள் ஊர்ச் சொற்களை நான் கற்றுக்கொள்ளவே இல்லை. அப்போது அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

அவளுக்கு மழை என்றால் பைத்தியம். "எங்க ஊர்ல மேகம் வரும்மே, பாத்துட்டுப் போயினே இருக்கும்" என்பாள். எனக்கோ மழையைக் கண்டால் அடுப்பு ஞாபகம்தான் வரும். நான் கோணியின் ஒரு மூலையை உள்ளே மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு போவேன். அவளிடம் கறுப்புக் குடை இருந்தது. ஆனால் அவளுக்குக் கோணிதான் வேண்டும். குடையை மடக்கி என் கக்கத்தில் சொருகிவிட்டு, ஒரே கோணிக்குள் இரண்டு பேரும் தலையை நுழைத்துக்கொண்டு நடப்போம். ரயில்வே கேட் பக்கம் சைக்கிளில் போன ஒருவர் நிறுத்தி, "இன்னா புள்ளைங்களா, கொடை நனைஞ்சிடப் போவுதுன்னு பொத்தி எட்த்துகினு போறீங்களா?" என்று கேட்டார். அதைச் சொல்லிச் சொல்லி வாரம் முழுக்கச் சிரித்தோம். சத்தமாகச் சிரிக்க எனக்கும் வரும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த வருஷம் மழை அதிகம். ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகத் தண்ணீர் போனால் பள்ளிக்கூடத்து ரோடு முழுகிவிடும். கொரட்டூரிலிருந்து ரயிலில் வருகிற டீச்சரும் வரமாட்டார். பள்ளிக்கூடம் லீவு. அந்த மாதிரி நாளில் நான் கரைமேல் சுற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விடுவேன். குவார்ட்டர்ஸ் மேட்டில் இருந்தது, தண்ணீர் ஏறாது. தகரம் போட்ட வராந்தாவில் உட்கார்ந்து அவள் அம்மா கொடுக்கிற சுக்குக் காப்பியைக் குடித்துக்கொண்டே தண்ணீர் ஓடுவதைப் பார்ப்போம். தீபாவளிக்கு முன்பே இரண்டு முறை இப்படி ஆயிற்று. வெள்ளம் வந்தால் அவள் வீடு என்பது எங்களுக்குள் வழக்கமாகவே ஆகிவிட்டது.

அங்கே உட்கார்ந்துதான் ஆறாம் வகுப்பைப் பற்றிப் பேசுவோம். ஆறாவதுக்கு வேறு பள்ளிக்கூடம் போக வேண்டும். எங்கள் வீட்டில் பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டார்கள். "எங்கப்பா வந்து உங்க நைனாகிட்ட பேசுவாருமே, ரெண்டு பேரும் ஒண்ணாப் போலாம்" என்றாள் அவள். அவள் அப்பாவும் ஒரு நாள் என் தலையில் கை வைத்து, "பேசிருவோம் தாயி" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் படித்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில் எங்கள் மண்சுவர் ஒரு பக்கம் சரிந்தது. அதனால் சில நாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. ஒரு சாயங்காலம் அம்மா என்னை மண்ணெண்ணெய் வாங்கி வர அனுப்பினாள். குவார்ட்டர்ஸ் வழியாகத் திரும்பி வரும்போது மழை கொட்டியது. அவள் வராந்தாவில் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் மூட்டைகளையும் கயிறு கட்டிய பெட்டியையும் அடுக்கி வைத்திருந்தார்கள். நனையாமல் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் மழைக்கு அப்படித்தான் செய்வோம்.

ரோட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே வாய்க்கால் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் வராந்தா ஓரத்துக்கு ஓடி வந்து கத்தினாள். என்னென்னவோ சொன்னாள். தகரத்தின்மேல் விழுந்த மழை எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. கடைசியில் சொன்னது மட்டும் எட்டியது.

"நாளைக்கு வெள்ளன்னா வந்துரு! மறந்துராத ஏட்டி!"

வெள்ளம் என்றால் வந்துவிடு என்று எனக்குக் கேட்டது. 'ஏட்டி' என்று அவள் சொல்லி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தேன். "உள்ள வாட்டி, நனையாத" என்றபடி அவள் அம்மா பின்னால் வந்து நின்றார். இன்னா சொன்னே என்று திரும்பக் கேட்டிருக்கலாம். முழங்கால் தண்ணீர்தான், இறங்கிப் போயிருக்கலாம். ஆனால் அவள் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். என் பாவாடை கால்களில் ஒட்டியிருந்தது, கையில் மண்ணெண்ணெய்ப் பாட்டில். வெட்கமாக இருந்தது. சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவளும் ஆட்டினாள்.

எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. வெள்ளம் வந்தால் அவள் வீட்டில் பார்ப்பேன். வராவிட்டால் பள்ளிக்கூடம் உண்டு, அங்கே பார்ப்பேன். எப்படியும் பார்ப்பேன். வீட்டில் அம்மா சட்டியை நகர்த்தி நகர்த்தி ஒழுகலுக்கு வைத்தபடி, "நாசமாப் போற மழை, உங்க நைனாவ வேலைக்கே உட மாட்டேங்குதே" என்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் மட்டும் உள்ளுக்குள் ஏரி நிரம்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் வானம் துடைத்த மாதிரி இருந்தது. அவ்வளவு நல்ல வெயிலை அந்த மாதத்தில் நான் பார்த்ததில்லை. அம்மா ஈரத் துணியெல்லாம் எடுத்துக் கரையில் காயப்போட்டாள். அப்பா வேலைக்குப் போனார். நான் தலை வாரிக்கொண்டு, மணி அடிக்கிற நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போனேன்.

பக்கத்து இடம் காலியாக இருந்தது. டீச்சர் என்னைப் பார்த்து, "அவங்கப்பாவுக்கு மாத்தல் ஆயிடுச்சே. டீசி வாங்கினு போய்ட்டாங்க. உனக்குத் தெரியாதா? அவளோட ஒட்டிகினு திரிவியே?" என்றார். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் வீட்டுக்கு ஓடினேன். கதவில் பூட்டு. வராந்தாவைக் கழுவிவிட்டிருந்தார்கள், அது காய்ந்தும் போயிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "லாரி விடியக்காலமே வந்துடுச்சும்மா, வடக்க எங்கியோ" என்றார். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை.

வீட்டில் அழுதேன். "குவார்ட்டர்ஸ்காரங்க அப்டித்தாண்டி. இன்னிக்கு கீறாங்க, நாளைக்கு இல்ல. நம்மகிட்ட சொல்லிகினா போவாங்க?" என்றாள் அம்மா. நானும் அப்படியே நம்பினேன். முந்தின சாயங்காலம் அத்தனை நேரம் கத்தியவள், போகப்போகிறேன் என்பதை மட்டும் சொல்லாமல் போய்விட்டாள் என்று நம்பினேன்.

வருஷக் கடைசியில் டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, "இவள மேல படிக்க வையுங்களேன்" என்று சொல்லிப் பார்த்தார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நானே வேண்டாம் என்றேன். புதுப் பள்ளிக்கூடத்தில் யார் பக்கத்தில் போய் உட்காருவது?

பிறகு நான் யாரோடும் ஒட்டவில்லை. கல்யாணம் ஆயிற்று. எழுபதுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனேன். என் பக்கத்தில் ஒரு சின்னப் பெண், தெற்கத்திக்காரி. ஒரு நாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவள் சூப்பர்வைசரிடம், "அண்ணே, இன்னிக்கு முந்திப் போயிருதேன், நாளைக்கு வெள்ளன வந்துருதேன்" என்றாள்.

என் கை நின்றுவிட்டது. "வெள்ளம் வந்தா நீ எப்டிமா வருவே?" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அய்யோ அக்கா, வெள்ளமா? வெள்ளனன்னா சீக்கிரம்க்கா. விடிஞ்சும் விடியாம வாறது."

சூப்பர்வைசரும் சிரித்தார். "இன்னாக்கா, போட் வுட்டுகினு வரும்னு பாத்தியா?"

நானும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டேன். பிறகு குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன்.

சீக்கிரம் வா என்று சொல்லியிருக்கிறாள். அம்மா காதில் விழும் என்பதாலோ, போகிற துக்கத்தாலோ, தன் வீட்டுப் பேச்சில் சொல்லியிருக்கிறாள். அந்த வராந்தாவிலிருந்து பார்த்தால் ஏரிக்கரை நன்றாகத் தெரியும். இருட்டு பிரியும்போது அவள் அங்கே நின்று கரையைப் பார்த்திருப்பாள். லாரியில் மூட்டை ஏறும் வரை பார்த்திருப்பாள். நான் தலையை ஆட்டிவிட்டுப் போனவள். வரவில்லை. அவளும் தன் அம்மாவிடம் அழுதிருப்பாள், அவள் அம்மாவும் ஏதோ சொல்லித் தேற்றியிருப்பார். சண்டையே போடாத இரண்டு பேர் ஆளுக்கு ஒரு பக்கம் கோபித்துக்கொண்டு வளர்ந்துவிட்டோம். ஒருவேளை போவதற்கு முன் என் படிப்பைப் பற்றி ஏதாவது சொல்லத்தான் அவள் அப்பா என்னை வரச் சொன்னாரோ என்றும் தோன்றும். அதை மட்டும் நான் அதிக நேரம் நினைப்பதில்லை. நினைத்தால் சோறு இறங்காது.

அந்தச் சின்னப் பெண்ணிடமாவது இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிரசவத்துக்குப் போனவள் திரும்பி வரவில்லை. எந்த ஊர் என்று அவளையும் நான் கேட்டு வைக்கவில்லை.

இப்போது அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசை இல்லை, எங்கள் குடிசை இருந்த இடமும் அடையாளம் தெரியவில்லை. மழை மட்டும் அதே மாதத்தில் வருகிறது. "அம்மா, வெளிய வந்து பாரேன், சூப்பரா கீது" என்று என் மகள் கூப்பிடுகிறாள். நான் போவதில்லை. சில சமயம் அந்தக் குவார்ட்டர்ஸ் பெண் என்னை ஒரே வாரத்தில் மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். சின்னப் பிள்ளைதானே, புது ஊர், புதுப் பள்ளிக்கூடம். அது ஆறுதலாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இருப்பதில்லை. நான் ஒருத்தி மட்டும் இத்தனை காலம் இதைச் சுமந்தேன் என்று ஆகிவிடுகிறது.

படிக்கிறவர்கள் எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். ஏரி தீபாவளிக்கு முன்பே இரண்டு முறை நிரம்பியது எந்த வருஷம் என்று ஆவடிக்காரர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள், நான் மாற்றி எழுதியிருப்பேன். கரிசல் பக்கத்துக்காரர்கள் இருந்தால், 'வெள்ளன' என்று பத்து வயசுப் பிள்ளைகளும் சொல்வார்களா, பெரியவர்கள் மட்டும்தானா என்று விசாரியுங்கள். மழைச் சத்தத்தில் கேட்டது, அவள் நிஜமாகவே வெள்ளம் என்றுதான் சொன்னாளோ என்னவோ. அப்படியானால் அவள் சொல்லாமல் போனவள். இல்லையென்றால் அவள் சொல்லியும் நான் போகாதவள். இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் திருத்திவிடுங்கள்.