குழாய்க்குள் குறைந்த சர்க்கரை

கொசு என்றால் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். அடித்தளத்து லேபில் பத்தொன்பது வருடமாக ரத்தம் எடுக்கிறவள். குத்தியதே தெரியாது, அதனால் வந்த பட்டம். வீட்டில் இரண்டு பெண்கள், தையல் மெஷினோடு மல்லுக்கட்டும் கணவர். காலை ஆறரைக்கெல்லாம் வெள்ளைக் கோட்டை மாட்டிவிடுவாள்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். சர்க்கரை ஏறிக் கண் மங்கியதால் உட்கார வைத்துவிட்டார்கள். வெறும் வயிற்றில் நூற்று முப்பதுக்குள் வந்தால்தான் மறுபடி ஸ்டீயரிங். இரண்டு மாதம் வாயைக் கட்டினேன். ரிப்போர்ட்டில் நூற்று இருபத்தெட்டு! தலைகால் புரியவில்லை. மாத்திரையைப் பாதியாக்கி, திங்கட்கிழமை வண்டி எடுக்கலாம் என்றார் டாக்டர்.

சனிக்கிழமை கொசு வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, அந்த நம்பர் தப்பு. தப்பு என்னோடது."

சர்க்கரை பார்க்கிற ரத்தத்தைச் சாம்பல் மூடிக் குழாயில்தான் எடுப்பார்களாம். அணுக்கள் சர்க்கரையைத் தின்னாமல் தடுக்கும் மருந்து அதில் இருக்கும். அன்றைக்கு அது தீர்ந்துபோக, அந்த மருந்தில்லாத சிவப்பு மூடியில் எடுத்திருக்கிறாள். உடனே சுழற்றி அணுக்களைப் பிரித்துவிடலாம் என்று வைத்தவளை அவசரப் பிரிவில் கூப்பிட, குழாய் ஆறு மணி நேரம் புழுங்கிக் கிடந்திருக்கிறது. மதியம் ஷிஃப்டுக்கு வந்தவர் அப்படியே மெஷினில் ஏற்றிவிட்டார்.

உடம்பை விட்டு வந்த பிறகும் அணுக்கள் உயிரோடுதான் இருக்குமாம். மற்ற செல்கள் சர்க்கரையிலிருந்து பிரித்த எலக்ட்ரான்களைக் கடைசியில் ஆக்சிஜனிடம் ஒப்படைத்து நிறைய சக்தி எடுக்கும். சிவப்பணு ஊருக்கெல்லாம் ஆக்சிஜன் சுமக்கும், தனக்கென்று தொடாது. உடைத்த சர்க்கரையின் துண்டிடமே எலக்ட்ரான்களைத் திருப்பிக் கொடுத்து லாக்டிக் அமிலமாக்கிவிடும். கிடைப்பது கொஞ்சம் சக்திதான், அதற்காகத் தின்றுகொண்டே இருக்கும். என் பத்தியம் குறைத்ததாக நான் குதித்தேனே, அதில் பெரும்பங்கு குழாய்க்குள் நடந்த வேலை.

எனக்கு வந்ததே கோபம். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பேசாமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கத்தினேன்.

"எனக்குத் தெரியுமேண்ணா. உங்க பின்னாடி நாப்பது பிள்ளைங்க உக்காருது."

என் மனைவி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுபடி எடுத்தபோது நூற்றுத் தொண்ணூறு. கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். விழித்திரையில் ரத்தக் கசிவு, இன்னும் சில வாரம் விட்டிருந்தால் ஒரு கண் போயிருக்கும் என்றார். லேசர் வைத்தார்கள், மாத்திரையைக் கூட்டினார்கள். கொசு தன் பெயரிலேயே தவறை எழுதிக் கொடுத்து, மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள் என்று பிறகுதான் தெரிந்தது.

நான்கு மாதம் கழித்து அவளிடமே கையை நீட்டினேன். அன்றைக்குத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். பேசினால் கை ஆடுகிறது, சும்மா இருங்கள் என்றாள்.

ரிப்போர்ட் வந்தது. நூற்றுப் பன்னிரண்டு. ஓரத்தில் அவள் கையெழுத்து: எடுத்தது ஏழு ஐந்துக்கு, மெஷினில் பார்த்தது ஏழு இருபதுக்கு. அந்த ஃபாரத்தில் அப்படி எழுத இடம் கிடையாது. கண்ணாடி போடாமலே படிக்க முடிந்தது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.